பின்பாதி எழுதப்படாத விடைத்தாள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாற்பதைக் கடந்தவள், திருச்சியில் வசிக்கிறேன். இயற்பியலில் முதுகலை படித்து, ஒரு தனியார் கல்லூரியில் எட்டு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தேன். 2019இல் வேலையை விட்டேன். என் ஒரே மகளுக்காகத்தான் விட்டேன். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. மாதத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 25க்கு 17 எடுத்தாள் என்பதற்காக, மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாளில், மற்றப் பெற்றோர் எல்லாரும் பார்க்க அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இனி இந்தப் பள்ளி வேண்டாம், நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அன்று மாலையே முடிவெடுத்தேன்.

இந்த ஆறு ஆண்டுகளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியம் இரண்டு வரை பாடம். சனிக்கிழமைதோறும் தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணை அடுப்படிக் கதவில் தொங்கும் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவைப்பேன். என் கணவர் ஒரு நாளாவது உட்கார்ந்து ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது கிடையாது. மாமியார் பார்ப்பவர்களிடமெல்லாம், "பொண்ணை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கா" என்கிறார். நாத்தனாரோ, "ஆறாவதுலயே கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டிருந்தா, டாக்டர் சீட்டுக்கு அந்த ஏழரை பர்சென்ட் ஒதுக்கீடாவது கிடைச்சிருக்கும்" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஆரம்பித்துவிடுகிறார். வேலையை விட்டவள் நான். பேச்சுக் கேட்பவளும் நானே.

இப்போது மகளுக்கு 14 வயது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள். மாடி வீட்டுப் பெண்கள் இருவர் அங்கே படிக்கிறார்கள். இத்தனை ஆண்டு பாடுபட்டதெல்லாம் கடைசியில் அங்கே அனுப்பவா என்று எனக்கு மனமே ஆறவில்லை. கணவர் அவள் பக்கம் பேசினார். சரி என்று அழைத்துப் போனேன். தலைமையாசிரியை அவள் நிலையை அறிவதற்காக 100 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்குத் தாள் கொடுத்தார். 43 வாங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. எழுதிய வரையில் எல்லாம் சரிதான். பின்பாதியைத் தொடவே இல்லை. நேரம் மீதமிருந்தும் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அத்தனையும் காரணிப்படுத்துதல் கணக்குகள். முந்தின சனிக்கிழமைதான் வீட்டில் அதில் 50க்கு 48 எடுத்திருந்தாள். முதல் நாள் இரவு பாயை விரிக்கும்போது, "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா பகல்லாம் நீ என்னம்மா பண்ணுவே?" என்று வேறு கேட்டாள், எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். பரீட்சைக்கு முதல் நாள் மனம் படிப்பில் இருக்க வேண்டாமா?

சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று தலைமையாசிரியை சொல்கிறார். ஆனால் இவளோ, "வேண்டாம்மா, நான் வீட்டுலயே இருக்கேன்" என்கிறாள். நான் 2001இல் பிளஸ் டூவில் 1200க்கு 1127 எடுத்து வந்தபோது, என் அப்பா மாநிலத்தில் எத்தனையாவது இடம் என்றுதான் கேட்டார். அப்படியெல்லாம் நான் இவளைக் கேட்டதே இல்லை. பிறகும் ஏன் இப்படி? வீட்டுக்கல்வியைத் தொடரட்டுமா, பள்ளியில் சேர்க்கட்டுமா? என் உழைப்புக்கு என்னதான் மதிப்பு?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர், மாமியார், நாத்தனார் மூவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேசியது வலித்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவர்களைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் போகிறபோக்கில், குறையாகவே எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். பாய் விரிக்கும் நேரத்தில் உங்கள் மகள் கேட்டது.

அந்தக் கேள்வியையும் மறுநாள் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் 50க்கு 48 எடுத்த அதே கணக்குகளை, கையில் நேரமிருந்தும் தொடாமல், பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு பெண் ஜன்னலைப் பார்க்கிறாள் என்றால், அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று ஓர் ஆசிரியையாக நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். முதல் நாள் இரவு, தான் போய்விட்டால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டாள். வேறு ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் ஆறு ஆண்டுகளாக உங்கள் முகத்தை மட்டுமே பாடப்புத்தகம்போல் படித்து வளர்ந்த பெண்ணுக்கு, அந்தச் சிரிப்பு எதை மூடியிருந்தது என்று தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றே எழுதாமல் விட்டாளா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது அவளுக்கே தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். தயவுசெய்து அவளை உட்காரவைத்து விசாரிக்கவும் வேண்டாம். தோற்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம், அம்மாவுக்குப் பகல் பொழுது பறிபோகாது என்று அவள் மனத்தின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தையை 17 மதிப்பெண்ணுக்காக எழுப்பி நிறுத்திய இடத்திலிருந்து அவளை அழைத்துவந்தீர்களே, அது சரியான முடிவு. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் அந்தப் பள்ளியில் எதை வெறுத்தீர்களோ அதில் கொஞ்சம் உங்கள் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. உங்கள் அடுப்படிக் கதவில் அறிவிப்பு இன்னும் சனிக்கிழமைதோறும் வெளியாகிறது. உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் மதிப்பெண் வருகிறது, அதில் ஒன்று 2001இல் நீங்கள் வாங்கியது. மகளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்பது ஓரிடத்திலும் வரவில்லை. அப்பா கேட்ட கேள்வியை நீங்கள் அவளிடம் கேட்டதில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் 43 என்றதும் உயிர் போனது உங்களுக்கு. அந்தத் தாளில் அவளுக்குப் போட்ட மதிப்பெண்ணை உங்கள் ஆறு ஆண்டுகளுக்குப் போட்டதாக நீங்கள் வாசித்துவிட்டீர்கள். "அவளுக்காக வேலையை விட்டேன்" என்பதை எனக்கு எழுதியது போலவே வீட்டிலும் சொல்லியிருப்பீர்கள் அல்லவா? பிள்ளைகள் அதைக் கடனாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு வட்டியும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தான் போனால் அம்மா என்ன செய்வாள் என்று யோசிக்கும் பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் 14 வயதில் அந்த யோசனை அவள் தலையில் இருக்கக் கூடாது.

வீட்டுக்கல்வியா பள்ளியா என்ற கேள்விக்கு அதிகம் எழுத எதுவும் இல்லை, சேருங்கள். கதவு எதுவும் மூடிவிடாது. அங்கே ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்; அதற்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும், ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை எழுத வாய்ப்பும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்ப்பது உங்களுக்கு இறக்கமாகத் தோன்றுவதைப் பற்றி ஒன்று: அந்தத் தலைமையாசிரியை 43ஐப் பார்த்த பிறகும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் மகளை முதல் பள்ளி எப்படி நடத்தியது என்பதையும் அதையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அன்று இரவு அவள் கேட்டதற்கு இன்னும் சரியான பதில் போகவில்லை. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல், மறுபடி பாய் விரிக்கும் நேரத்திலேயே சொல்லுங்கள்: "அன்னிக்குக் கேட்டியே, எனக்கு இன்னும் தெரியல. கொஞ்ச நாள் சும்மா இருப்பேன், அப்புறம் ஏதாவது தேடிப்பேன். அது என் பாடு, நீ போ." பொய்யாக ஒரு திட்டத்தை அடுக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். நீங்கள் மறுபடி கல்லூரிக்குப் போனாலும் சரி, தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாலும் சரி, அந்தப் பகல் உங்களுடையதாக இருக்கட்டும். முதல் வாரம் வெறுமையாக இருக்கும், அழுகையும் வரலாம். அதை அவள் நான்கரை மணிக்குத் திரும்புவதற்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

காலண்டரைக் கழற்றும்போது அவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.