வளைவது கார் அல்ல, சாலை

அண்ணே, வணக்கம். என் மகன் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கார் கேமில் மழைத்துளி கண்ணாடியில் வழிவதுகூட அப்படியே தெரிகிறது. நானோ கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய பாணி கார் கேம் ஒன்றைப் போனில் இறக்கிவைத்து, கடையைச் சாத்திய பிறகு அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடது, வலது, வேகம், அவ்வளவுதான். "இதுல என்னப்பா இருக்கு?" என்கிறான். வெறும் சின்ன வயசு ஞாபகம்தானா?
– மெ., தேவகோட்டை

அன்புள்ள மெ.,

ஞாபகத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்தக் காலத்தைப் பார்க்கவே பார்க்காத பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தாலும் போன் திரும்பி வருவதில்லையே.

1986-இல் சேகா வெளியிட்ட 'அவுட் ரன்'னை எடுத்துக்கொள்ளுங்கள், யூ சுசுகி உருவாக்கியது. திரையில் படம் வரி வரியாக விழுகிறது இல்லையா, ஒவ்வொரு வரியிலும் சாலையின் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்திவைத்திருப்பார்கள், நம் கண் அதை வளைவு என்று எடுத்துக்கொள்கிறது. கார் நடுத்திரையிலேயே நிற்கிறது. வளைவு வந்ததும் அது நம்மை வெளிப்பக்கம் தள்ளும், எதிர்த்துப் பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிப்பது என்பதை விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். சுகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பேன். மரமும் பலகையும்கூட தட்டையான படங்கள்தான், அளவைப் பெரிதாக்கிக்கொண்டே வருவார்கள். புதுக்கோட்டைப் பக்கமிருந்து காரைக்குடிக்கு வரும்போது திருமயம் கோட்டைப் பாறை சின்னதாகத் தெரிந்து, வளர்ந்து, சட்டென்று பின்னால் போய்விடுமே, அதே கிறக்கம்.

அப்புறம், அதில் பந்தயமே கிடையாது. மற்ற வண்டிகள் சும்மா வழியில் போகிறவை, கடிகாரம் ஒன்றுதான் விரட்டும். கிளம்பும் முன் ரேடியோவில் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கட்டம் (ஸ்டேஜ்) முடிகிற இடத்தில் சாலை இரண்டாகப் பிரியும், எந்தப் பக்கம் போவதென்பது நம் இஷ்டம். மொத்தம் 15 கட்டங்கள், ஒரு ஓட்டத்தில் பார்க்க முடிவது 5 தான், அதனால் போகாத பாதை ஒன்று எப்போதும் பாக்கி இருக்கும்.

டிவி கேம் கேசட்டில் வந்த 'ரோட் ஃபைட்டர்' (கொனாமி, 1984) நினைவிருக்கிறதா? இன்னொரு வண்டியை உரசினால் கார் வழுக்கும், உடனே ஒடித்துத் திருப்பினால் மீட்டுவிடலாம், விட்டால் ஓரத்தில் மோதி பெட்ரோல் குறையும். தப்பு நம்முடையது என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிற விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் மகனின் கேமை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டயரின் பிடிப்பு, பிரேக் அடிக்கிற இடம் என்று அங்கே படிக்க நிறைய உண்டு, அதற்கென்று உட்கார வேண்டும். கடைக் கணக்கை முடித்து வந்தவருக்கு உங்கள் கேம்தான் சரி.

அவனுக்கு 'ஹொரைசன் சேஸ்' போட்டுக் கொடுங்கள், 2015-இல் பிரேசிலில் செய்தது. 1992-இல் வந்த 'டாப் கியர்' கேமுக்கு இசையமைத்த பேரி லீச்தான் இதற்கும் இசை, அதனால் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். பின்னால் வந்த 'டர்போ' பதிப்பில் ஒரே திரையில் நான்கு பேர் வரை சேர்ந்து ஓட்டலாம், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.