பேச ஒரு பெஞ்சு

கேள்வி: கணவர் போய் இரண்டு வருடம். பிள்ளைகள் வெளியூரில். விடிந்தாலே யோசனைதான். நம்பிக்கை எங்கிருந்து வரும்?
– வாசகி, தேனி

பதில்: ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் அம்மா. அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்து வருகிறவர்களிடம் பேச மருத்துவமனை வாசலில் மரப்பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வை அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம், நீங்கள் எழுதியிருப்பதும் அதுதானே! பாட்டி உடனே அறிவுரையை ஆரம்பிப்பதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, இதில் எதை முதலில் பார்க்கலாம் என்று வந்தவரையே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

சரி, உங்களுக்கு? சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் உங்களைப் போலவே தனியாக ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார், பாருங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், 'சாப்பிட்டீங்களா'வில் ஆரம்பித்தால் போதும். தூக்கமும் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.