சுழன்று ஓடும் விளக்கு வரிசைக்கு எந்தக் கன்ட்ரோலர்?

கேள்வி: எங்கள் பள்ளி அரங்கில் எட்டு எல்இடி பார் விளக்குகளும் இரண்டு மூவிங் ஹெட் (தலை திரும்பும்) விளக்குகளும் உள்ளன. ஆண்டு விழா நடனங்களின்போது வண்ணங்கள் வரிசையாக மாறி, மீண்டும் முதலிலிருந்து ஓட வேண்டும். 192 சேனல் டிஎம்எக்ஸ் கன்ட்ரோலரே (மேடை விளக்குகளை இயக்கும் பலகையே) போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: பார் விளக்குகளின் வண்ணம் மாறினால் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்த வகைக் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வருகின்றன: 12 விளக்குகள், விளக்குக்கு 16 சேனல்கள் (வண்ணம், ஒளி அளவு போன்ற ஒவ்வொன்றையும் இயக்கும் தனி வழிகள்), 240 சீன்கள் (பதிந்து வைத்த ஒளி நிலைகள்), 6 சேஸ்கள் (சீன்களின் தொடர் வரிசைகள்). ஒவ்வொரு வண்ண நிலையையும் சீனாகப் பதிந்து, அவற்றை வேண்டிய வரிசையில் ஒரு சேஸில் சேர்த்துவிட்டால், நீங்கள் நிறுத்தும் வரை அது சுழன்றுகொண்டிருக்கும். விளக்குகளின் முகவரியை (ஒவ்வொன்றின் முதல் சேனல் எண்ணை) மட்டும் 1, 17, 33 என்று பதினாறு பதினாறாகத் தள்ளி வைக்க வேண்டும். ஏழு சேனல் விளக்குதானே என்று 1, 8, 15 என நெருக்கி வைத்தால், ஒரு பொத்தானுக்கு இரண்டு மூன்று விளக்குகள் அசையும்.

குறை வேகத்தில் இருக்கிறது. சேஸின் எல்லாப் படிகளுக்கும் ஒரே வேகம்தான் என்பதால், சிவப்பு இரண்டு விநாடியும் நீலம் அரை விநாடியும் நிற்க வேண்டுமானால், வேகத்தை அரை விநாடிக்கு வைத்து, சிவப்புச் சீனை நான்கு முறை அடுத்தடுத்துச் சேர்ப்பதே வழி. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டுக்கு இந்த அரை விநாடி சரியாகப் பொருந்தும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மூவிங் ஹெட்டில் வரும். ஒரு சீனில் எல்லா விளக்குகளின் நிலையும் சேர்ந்தே பதிவாவதால், பார் விளக்குகள் வேகமாக மாற, மூவிங் ஹெட் அதன்போக்கில் மெதுவாகத் திரும்புவது இதில் எளிதாக அமையாது. அது தேவையென்றால், பள்ளியில் மடிக்கணினி இருக்கும் நிலையில், க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளையே நான் தேர்ந்தெடுப்பேன். அதில் ஒவ்வொரு படிக்கும் தனி நேரம் கொடுக்கலாம், பல சேஸ்களை ஒரே சமயத்தில் ஓட்டலாம். கணினியை விளக்குகளுடன் இணைக்க உடன் வாங்கும் யுஎஸ்பி டிஎம்எக்ஸ் கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தனக்கென நுண்செயலி இல்லாத மலிவான கருவிகள் கணினி திணறும்போது விளக்கை மினுக்கவிடும்.

கன்ட்ரோலரே போதும் என்று முடிவு செய்தால், கடையிலேயே ஒரு சேஸைப் பதியச் சொல்லி, மின்சாரத்தை அணைத்து மீண்டும் போட்ட பின்னும் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஒலிக்கு ஏற்ப விளக்கு ஆடுவதைக் காட்டுவது இந்தச் சோதனைக்கு ஈடாகாது.