அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, மகனுக்கு எப்போது?

கேள்வி: எனக்கு 28 வயது, திருச்சியில் வங்கி வேலை. அப்பா இல்லை. டாலஸில் இருக்கும் அக்கா சிட்டிசன் ஆனதும் அம்மாவை ஸ்பான்சர் செய்தார். 2024 கடைசியில் அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்தது. அடுத்து அம்மா எனக்காக மனு போடப் போகிறார். இதற்கிடையில் நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறது. நிச்சயம் மட்டும் பண்ணு, தாலி கட்டாதே என்கிறார் அக்கா. கோயிலில் கட்டிவிட்டு ரிஜிஸ்டர் பண்ணாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்கிறார் மாமா. யார் பேச்சைக் கேட்பது? – வாசகர், திருச்சி

பதில்: சட்டப்படி அக்கா சொல்வது சரி. மாமா சொல்வது ஆபத்து, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அக்கா அம்மாவை அழைத்தபோதே உங்களையும் சேர்த்து அழைத்திருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். முடியாது. சிட்டிசனின் பெற்றோருக்கு வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கோட்டா கிடையாது, அதனால் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அந்த மனுவில் பிள்ளைகள் யாரும் தொற்றிக்கொண்டு வர முடியாது. அதனால்தான் நம் ஊரில் இத்தனை வீடுகளில் அப்பா அம்மா அங்கே, கடைசிப் பிள்ளை இங்கே என்று ஆகிவிடுகிறது.

உங்கள் அம்மா போடப்போவது ஐ-130 மனு, வகை எஃப்2பி, அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 வயது கடந்த, கல்யாணமாகாத பிள்ளை. 'கல்யாணமாகாத' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரீன் கார்டுக்காரரின் கல்யாணமான பிள்ளைக்கு அமெரிக்கச் சட்டத்தில் வகையே கிடையாது. அம்மா சிட்டிசன் ஆகும் முன் நீங்கள் தாலி கட்டினால் அந்த நிமிடமே மனு செத்துப்போகிறது, பின்னால் விவாகரத்து வாங்கினாலும் பழைய மனு உயிர் பெறாது, வரிசையில் கடைசியிலிருந்து மறுபடி நிற்க வேண்டும். நிச்சயதார்த்தம் செய்யலாம், அதில் தவறில்லை.

அம்மா சிட்டிசன் ஆன பிறகு கதை வேறு. உங்கள் மனு எஃப்1 வகைக்கு (சிட்டிசனின் 21 கடந்த, கல்யாணமாகாத பிள்ளை) போய்விடும், அப்புறம் நீங்கள் கல்யாணம் செய்தால் எஃப்3-க்கு (சிட்டிசனின் கல்யாணமான பிள்ளை) மாறும், முதலில் மனு போட்ட பழைய தேதியும் கூடவே வரும், மனைவியும் பிள்ளைகளும் அதே மனுவில் வரலாம். ஆனால் எஃப்3 வரிசை நீளம். எந்தத் தேதியில் மனு போட்டவர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின்களில் 2025-ல் வந்தவற்றைப் பாருங்கள்: எஃப்2பி-யில் 2016-ல் போட்டவர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள், எஃப்3-ல் 2010, 2011-ல் போட்டவர்களை. இந்தியர்களுக்கு நூறு வருடம் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வருவது வேலைவாய்ப்பு கிரீன் கார்டு பற்றியது, அதை இதோடு குழப்பாதீர்கள். எஃப்2பி, எஃப்3 இரண்டிலும் நமக்கும் மற்ற பெரும்பாலான நாடுகளுக்கும் ஒரே தேதிதான். மெக்சிகோ, பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் தனி வரிசையில் தவிக்கிறார்கள்.

அப்படியென்றால் இன்றைய வேகத்தில் நீங்கள் கல்யாணம் செய்யாமல் காத்திருந்தால் 37, 38 வயதில் போகலாம். போன பிறகு கல்யாணம் செய்து மனைவியை அழைக்க இன்னும் சில வருடம். இதை அந்தப் பெண் வீட்டாரிடம் சொல்லாமல் நிச்சயம் செய்தீர்கள் என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது வருட நிச்சயதார்த்தத்துக்கு எந்தப் பெண் சம்மதிப்பார்?

மாமாவின் யோசனைக்கு வருவோம். ரிஜிஸ்டர் செய்யாவிட்டால் கல்யாணம் இல்லை என்பது தவறு. 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு நடந்த கல்யாணம் செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, ஐயரே இல்லாமல் உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலும் அது முழுக் கல்யாணம். இங்கே செல்லும் கல்யாணத்தை அமெரிக்க அதிகாரியும் கல்யாணம் என்றே பார்ப்பார். மறைத்து விசா வாங்கினால் அது மோசடி, வாழ்நாள் தடை வரைக்கும் போகும். மறைக்கத்தான் முடியுமா? நாளைக்கு மனைவியை அழைக்கக் கல்யாணத் தேதி கேட்பார்கள், குழந்தை பிறந்திருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கும், கல்யாண ஆல்பம் ஃபேஸ்புக்கில் இருக்கும்.

என்னைக் கேட்டால், வரன் பிடித்திருந்தால் கல்யாணம் செய்யுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன. அக்கா சிட்டிசன் என்பதால் சகோதரர் வகையில், எஃப்4-ல், உங்களுக்கு இன்றைக்கே மனு போடலாம். அதற்கு உங்கள் கல்யாணம் ஒரு பொருட்டே இல்லை. வரிசை மட்டும் கொடுமை, 2025-ல் இந்தியர்களில் 2006-ல் போட்டவர்களைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா 2029-ன் பிற்பகுதியில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், வந்ததும் கல்யாணமான மகனாக எஃப்3-ல் போடட்டும். கல்யாண முடிவு தள்ளிப்போகிறது என்றால் எஃப்2பி-யையும் இப்போதே போட்டு வையுங்கள், ஆன்லைனில் 625 டாலர்தான். மனு நிலுவையில் இருந்தால் டூரிஸ்ட் விசாவோ மாணவர் விசாவோ கிடைப்பது கஷ்டமாகும், கேட்டால் ஆமாம் என்று உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். எச்1பி, எல்1 என்ற வேலை விசாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் அம்மா அங்கே இருந்தால்தான். பேரன் ஸ்கூல் லீவுக்கு அங்கே, ஆடி மாதத்துக்கு இங்கே என்று ஆறு மாதத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தால் குடியுரிமைக்கான ஐந்து வருடக் கணக்கு உடைய வாய்ப்பு, ஒரு வருடம் தாண்டினால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. ஆங்கிலத் தேர்வும் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தமிழிலேயே எழுதும் சலுகை உண்டுதான், ஆனால் அது 15, 20 வருடம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு. ஐந்து வருடத்தில் எழுதப்போகும் உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காது. பக்கத்து நூலகத்தில் இலவச வகுப்பு இருக்கிறதா என்று அக்காவை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி அமெரிக்க சிட்டிசன். 2006-ல் எங்கள் குடும்பத்துக்கு மனு போட்டார், 2011-ல் அப்ரூவ் ஆனது. இப்போதுதான் தேதி வந்திருக்கிறது. மகனுக்கு 27, மகளுக்கு 23. இருவருக்கும் 21 தாண்டிவிட்டது, வர முடியாது என்கிறார்கள். – வாசகர், கோவை

பதில்: மகளை விட்டுவிடாதீர்கள். 2002-ல் வந்த குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி, மனு போட்ட நாளிலிருந்து அப்ரூவல் வரை ஆன காலத்தை வயதிலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் மனு ஐந்து வருடம் கிடந்தது. தேதி வந்த நாளில் மகளுக்கு 23 என்றால் சட்டத்தின் கணக்கில் 18. அப்ரூவ் ஆன பிறகு வரிசையில் காத்திருந்த வருடங்களைக் கழிக்க முடியாது, பலர் அதையும் கழித்துச் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். தேதி வந்த ஒரு வருடத்துக்குள் மகளுக்கான விண்ணப்பமும் கட்டணமும் போயிருக்க வேண்டும், அதுவரை, விசா வாங்கி அங்கே போய் இறங்கும்வரை, கல்யாணம் கூடாது.

மகனுக்குக் கழித்தாலும் 22. நீங்கள் போய் கிரீன் கார்டு வாங்கி எஃப்2பி-யில் புதிதாகப் போட வேண்டியதுதான். 2006 தேதியை அவருக்குக் கொடுங்கள் என்று இதே நிலையில் இருந்த பெற்றோர்கள் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனார்கள், 2014-ல் தோற்றார்கள். மேலே திருச்சிக்காரருக்குச் சொன்ன கல்யாண நிபந்தனை உங்கள் மகனுக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: அப்பா 2019-ல் கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தார், ஏற்றுக்கொண்டார்கள். பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) இன்னும் வரவில்லை. எனக்கு இப்ப 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. பிஆர் கிடைத்ததும் அப்பா என்னை ஸ்பான்சர் பண்ணலாமா? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பிஆர் கிடைத்த பிறகு கஷ்டம். கனடாவில் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழே, கல்யாணமாகாதவர். அதற்கு மேல் உடல்நிலையோ மனநிலையோ காரணமாகப் பெற்றோரைச் சார்ந்தே இருப்பவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. ஆனால் உங்கள் விஷயத்தில் வேறு வழி தெரிகிறது. கனடாவுக்குள் அகதிக் கோரிக்கை வைத்தவரின் பிள்ளைக்கு, கோரிக்கை வைத்த நாளின் வயதையே எடுத்துக்கொள்வார்கள். 2019-ல் உங்களுக்கு 20 இருந்திருக்கும். அதனால் அப்பாவின் பிஆர் விண்ணப்பத்திலேயே நீங்களும் ஒருவராக வர இடம் இருக்கிறது.

இன்றைக்கே அப்பாவிடம் கேளுங்கள்: கோரிக்கைப் படிவத்திலும் பிஆர் படிவத்திலும் உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் பிஆர் கைக்கு வருவதற்கு முன்பே வழக்கறிஞர் மூலம் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பின்னால் ஸ்பான்சர் செய்யவிடாமல் தடுக்கும் விதி ஒன்று அங்கே இருக்கிறது. செலவு மிச்சம், பிறகு பார்க்கலாம் என்று பெயரை விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.