அந்தப் பணம் எங்கே போகுது, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயசு. எட்டாவது படிக்கும்போதே நடை தள்ளாட ஆரம்பிச்சுது. ஜீன் டெஸ்ட்டுல ‘ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா’ன்னு வந்திருக்கு. நான் மாமா மகனைக் கட்டுனவ. அமெரிக்காவுல இந்த நோய்க்குன்னே ஃபாரான்னு ஒரு அறக்கட்டளை இருக்காம். துபாயில இருக்க எங்க அண்ணன் அதுக்கு மாசாமாசம் பணம் அனுப்பப்போறதாச் சொல்லுதாவ. அந்தப் பணம் எங்கே போகும்? எம்பிள்ளைக்கு அதால எதுவும் உண்டா? மூத்த மகனுக்கு அண்ணன் மகளைப் பேசி வச்சிருக்கோம், அதை நிறுத்திரணுமா?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: தாயி, கல்யாணப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்பது நரம்பைப் பாதித்து நடையைத் தள்ளாட வைக்கும் பரம்பரை நோய். ஃபாரா 1998-ல் தொடங்கியது. தங்கள் மகனுக்கு இந்த நோய் என்று தெரிந்த பிறகு ரான், ரேச்சல் பார்டெக் தம்பதி ஆரம்பித்தது. இதற்கான ஜீனைக் கண்டுபிடித்ததே 1996-ல்தான். அதுவரை நாங்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வார்டில் முழங்காலைச் சுத்தியலால் தட்டி, கால் உதறவில்லை, பாதம் வளைந்திருக்கிறது, முதுகு கோணுகிறது என்று பார்த்து ஊகித்ததுதான்.

ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் எல்லாரும் லேபைத்தான் நினைப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு செலவு. ஃபாரா பணத்தில் நோயாளிகளை வருஷாவருஷம் வரவழைத்து நடை, பேச்சு, கை தடுமாற்றம் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைக்கிறார்களே, அது. கேட்கச் சப்பென்றிருக்கும். ஆனால் இந்த நோய்க்கான முதல் மருந்தான ஓமாவெலாக்ஸொலோனுக்குக் கைகொடுத்தது அந்தப் பதிவேடுதான். 48 வாரச் சோதனையில், நோயின் தீவிரத்தை அளக்கும் 93 புள்ளி அளவுகோலில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் வெறும் 2.4. மருந்துக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. தயங்கியது. பிறகு மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களை, மருந்தே இல்லாமல் பதிவேட்டில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் வேகம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இருந்தது. 2023 பிப்ரவரியில் ஒப்புதல், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

உங்கள் மகள் அந்த வயதுக்குள் வருகிறாள். ஆனால் அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 3,70,000 டாலர் விலை வைத்தார்கள். நம்மால் ஆகிற காரியமா? தவிர, அது நோயை மட்டுப்படுத்துமே ஒழிய, குணமாக்காது.

அண்ணன் அனுப்பட்டும், வீண்போகாது. ஆனால் அதிலே ஒரு பங்கை மருமகளுக்கென்று இங்கே ஒதுக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் நரம்பைவிட இதயம்தான் என்னைப் பயமுறுத்தும். வருஷம் தவறாமல் இ.சி.ஜி., எக்கோ எடுங்கள். சர்க்கரையும் வரலாம், பாருங்கள். பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். நாளைக்கு ஒரு மருந்துச் சோதனைக்குச் சேர்க்கிறார்கள் என்றால் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி கல்யாணம். உங்களிடமிருந்து ஒன்று, உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஒன்று என அந்த ஜீனின் இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்ததால்தான் மகளுக்கு நோய். ‘இவ வீட்டுச் சீக்கு’ என்று மாமியார் சொன்னால் இதைச் சொல்லுங்கள். மூத்தவனுக்கு நோய் இல்லையென்றாலும் அவன் ஒரு பழுதான பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அண்ணன் மகளும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே இரண்டு பேருக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இந்த நோய்க்கான ஃப்ரட்டாக்ஸின் ஜீனில், திரும்பத் திரும்ப வரும் ஜி.ஏ.ஏ. எழுத்துத் தொடரின் நீளத்தை அளக்கும் டெஸ்ட் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பல ஜீன்களை ஒரேயடியாகப் படிக்கும் சாதாரண எக்ஸோம் டெஸ்ட்டில் இது தப்பிவிடக்கூடும். ரிசல்ட் கைக்கு வந்த பிறகு நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்கள்.