கல்லீரல் கட்டியைச் சுட்ட பிறகு: டாக்டரிடம் கேளுங்கள்

ஊசி வழியே வெப்பம் செலுத்திக் கல்லீரல் புற்றுக்கட்டியைச் சுடும் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்கு, மதுரையில் இந்த வேலையைச் செய்யும் டாக்டரின் பதில்கள்.

அப்பாவுக்குச் சுட்டு மூன்று நாள் ஆகிறது. காய்ச்சல் 100 டிகிரி, அசதி. கிருமித் தொற்றா சார்? (மேலூர்)

பெரும்பாலும் இல்லை தம்பி. வெந்துபோன திசுவை உடம்பு கரைக்கும்போது இப்படிக் காயும். சில நாளில் தானாக அடங்கும். காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். அடங்கிய காய்ச்சல் இரண்டு, மூன்று வாரம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு திரும்பினால் சங்கதி வேறு. சுட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கலாம். பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) உள்ளவர்களுக்கும், அந்தக் குழாயைக் குடலோடு இணைத்துத் தைத்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம், குடல் கிருமி மேலே ஏறிவிடும். மாத்திரை போட்டு அமுக்காமல் உடனே வாருங்கள்.

சுட்டது கல்லீரலில், வலிப்பது வலது தோள்பட்டையில். ஏன்? (உசிலம்பட்டி)

கல்லீரலுக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைதான் உதரவிதானம். சுட்ட சூடு அதை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் உணர்ச்சியும் அதே இடத்துக்குத்தான் போகிறது. மூளை குழம்புகிறது, அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்குச் சுட்டு ஒன்றரை வருடம் ஆச்சு. இப்போது சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது, வாந்தி. கேஸ் என்கிறார்கள். (திருமங்கலம்)

கட்டி கல்லீரலின் உச்சியில் இருந்ததா? அப்படியென்றால் கேஸ் என்று விடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் உதரவிதானத்திலும் சூடு பட்டு, அந்த இடம் மெலிந்து, மாதக்கணக்கில் கழித்து ஓட்டை விழுவதுண்டு. அது வழியாகக் குடல் நெஞ்சுக்குள் ஏறும். மிக அரிது, ஆனால் குடல் நெரிபட்டால் உயிருக்கே ஆபத்து. இன்றைக்கே சி.டி. எடுங்கள். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய சூட்டை யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள். டூட்டி டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் சி.டி. படத்தையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இருமினால் சளி மஞ்சளாக, கசப்பாக வருகிறது. (சோழவந்தான்)

மஞ்சள் சளி யாருக்கும் வரும். கசப்புதான் என்னை உறுத்துகிறது. கல்லீரலில் சுரக்கும் கசப்பான பித்தநீர், சூடு பட்ட உதரவிதானம் வழியே நுரையீரலுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவும் அரிதுதான். தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி போன வழியில் புற்று பரவுமா? (வாடிப்பட்டி)

அபூர்வமாகப் பரவும். அதனால்தான் ஊசியை உருவும்போது அந்தப் பாதையையும் சுட்டுக்கொண்டே வருகிறோம். குளிக்கும்போது தழும்புக்கடியில் தடவிப் பாருங்கள், பட்டாணி மாதிரி ஏதும் தட்டுப்பட்டால் காட்டுங்கள்.