எந்த மூளைக்காய்ச்சலுக்கு எந்தத் தடுப்பூசி?

கேள்வி: என் மகள் இளங்கலைப் படிப்புக்காக அமெரிக்கா செல்கிறாள். பல்கலைக்கழகம் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கிறது. சிறுவயதில் எங்கள் ஊரில் முகாம் நடத்தி அவளுக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள், அட்டையும் இருக்கிறது. அதையே காட்டினால் போதாதா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: போதாது. இரு வேறு நோய்களைத் தமிழில் ஒரே பெயரால் அழைப்பதால் நேர்ந்த குழப்பம் இது. உங்கள் ஊர் முகாமில் போட்டது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியாகவே இருக்க வேண்டும். அந்நோயின் வைரஸ் பன்றிகளிடமும் நீர்ப்பறவைகளிடமும் இருந்து, வயல்நீரில் பெருகும் கொசுக்களின் வழியே மனிதருக்கு வந்து, மூளையையே தாக்குகிறது. பல்கலைக்கழகம் கேட்பதோ, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறையில் அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான ஊசி. இதில் கொசுவுக்கு வேலையில்லை. நலமாக நடமாடும் பத்துப் பேரில் ஒருவரது தொண்டையில் இக்கிருமி குடியிருக்கக்கூடும். நெருக்கமான விடுதி வாழ்க்கையில் அது எச்சில், சளி வழியாக அடுத்தவருக்குப் பரவுகிறது. அரிதாகச் சிலருக்கு அது ரத்தத்தில் கலந்துவிட்டால், காலையில் காய்ச்சலென்று படுத்தவர் மறுநாளைக்குள் உயிரிழக்கவும் நேரிடும்.

இக்கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு பிரிவுகளைத் தடுக்கும் ஊசி நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. 16 வயது நிறைந்த பின் போட்டதைத்தான் பல கல்வி நிலையங்கள் ஏற்கின்றன என்பதால், தேதியைக் கவனித்து, பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். பி பிரிவு இதில் அடங்காது. அதன் மேலுறை நம் நரம்புத் திசுவில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளை ஒத்திருப்பதால், அதை அந்நியமென்று உடல் எளிதில் அடையாளம் காண்பதில்லை. ஆகவே புரதங்களைக் கொண்டு தனி ஊசி உருவாக்க வேண்டியதாயிற்று. 2013-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பி பிரிவு பரவியபோது, அமெரிக்காவில் அப்போது உரிமம் பெறாதிருந்த அந்த ஊசியைச் சிறப்பு அனுமதியுடன் வரவழைத்து மாணவர்களுக்குப் போட்டார்கள். உங்கள் மகளுக்கு அதுவும் வேண்டுமா என்பதை அங்குள்ள மாணவர் நல மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பேரனுக்கு மூன்றரை மாதம். புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் போடும் ஊசிகளைத் தவறாமல் போடுகிறோம். மூளைக்காய்ச்சலுக்கென்று தனியாக வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: மூளையுறையில் அழற்சியாக வரும் காய்ச்சலைக் குழந்தைகளுக்கு உண்டாக்குவதில் முன்னிற்கும் கிருமிகள் ஹிப், நிமோகாக்கஸ் என்ற இரண்டும் ஆகும். ஹிப்புக்கான மருந்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே இருக்கிறது. அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் அதை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான். நிமோகாக்கஸ் ஊசி 2021 முதல் நம் மாநிலத்தில் இலவசமாக ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. இடைவெளி நீள்வதால் மறந்துபோகக்கூடியது மூன்றாம் தவணை; பாதுகாப்பு நீடிக்க அதுதான் முக்கியம், நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். மெனிங்கோகாக்கஸ் ஊசி அரசு அட்டவணையில் இல்லை. மண்ணீரல் அகற்றப்பட்ட அல்லது சில பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கு அது கட்டாயம் தேவை. மற்றவர்களுக்குக் குழந்தை மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிடலாம். எல்லா ஊசியும் போட்ட குழந்தையாயினும், காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்து, உச்சிக்குழி புடைத்து, எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

கேள்வி: ஹஜ் பயணத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் ஊசி எதற்காக?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெனிங்கோகாக்கஸின் டபிள்யூ பிரிவு பரவி, திரும்பிய பயணிகள் மூலம் பல நாடுகளை எட்டியது. அதற்குப் பின்னரே நான்கு பிரிவுகளுக்குமான ஊசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. சென்று சேர்வதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்.